231 பிக்சலுக்குள் ஒரு கலங்கரை விளக்கம்

முதல் கேம் வெளியான அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம், கேம் செய்தவர்களுக்கு மட்டும் காட்டும் விற்பனைக் கோடு அது. அரைமணிக்கு ஒருதரம் பக்கத்தைப் புதுப்பிப்பேன். கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். விடியும்போது 9 பிரதி விற்றிருந்தது. அதில் 4 பேரை எனக்கு நேரிலேயே தெரியும். மற்ற 5 பேர் யாரென்றே தெரியாது என்ற சந்தோஷத்தோடு தூங்கப் போனேன். மத்தியானம் எழுந்து பார்த்தால் அந்த 5 பேரில் ஒருவர் பணத்தைத் திருப்பி வாங்கியிருந்தார்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். என் கேமை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஆடி முடிக்கவே ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். அவர் பாதியில் விட்டாரா, முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டாரா என்பதை நினைத்து நினைத்தே இரண்டு நாள் போயிற்று.

இரண்டரை வருஷ வேலை. ஒரு கலங்கரை விளக்கத்தின் காவலாளி, யாரும் வராத கடல், ஒவ்வொரு ராத்திரியும் மேலே ஏறி விளக்கேற்ற வேண்டும். கதை மெல்ல மெல்ல அவிழும். அவிழ்வதற்குள் ஆடுகிறவர் போய்விடுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

விளம்பரத்துக்குக் காசு இல்லை என்பது தெரிந்தேதான் இறங்கினேன். ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்தத் தொகை திரும்பி வரும். (எனக்குத் திரும்பி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) 2017 வரை கிரீன்லைட் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஆடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு, எந்த கேம் உள்ளே வரலாம் என்று சொல்வார்கள். அதை எடுத்துவிட்டு இந்தக் கட்டணத்தை வைத்தார்கள். வாசல் அகலமானது, உள்ளே நெரிசலும் கூடிப்போனது. 2024ல் மட்டும் ஸ்டீமுக்கு வந்த கேம்கள் 18,000க்கு மேல். நாளுக்குச் சராசரியாக 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ராத்திரி நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இன்னும் இருபது பேர் தங்கள் கோட்டைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள்.

‘நல்லா இருந்தா தானா ஓடும்’ என்று சொல்கிறவர்கள் உதாரணத்துக்கு அமாங் அஸ்ஸைத்தான் இழுப்பார்கள். கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்கிற கேம் அது. 2018 ஜூனில் வந்தது, செய்தவர்கள் மூன்றே பேர். இரண்டு வருஷம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020ல் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் கையில் சிக்கி, கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள். இந்தக் கதையைச் சொல்லித்தான் நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒருநாள் அதை நேரலையில் ஆடும் ஒரு பழைய வீடியோவை, ஆட்டத்தை விட்டுவிட்டு, பார்ப்பவனாக மட்டும் இருந்து பார்த்தேன். நண்பன் நண்பனிடம் கூசாமல் பொய் சொல்கிறான். யார் பொய்யன் என்று நமக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கேமைத் தொடாதவனுக்கும் அதில் ஒரு நாடகம் கிடைக்கிறது.

என் கேமை யாராவது நேரலையில் ஆடினால், பார்க்கிறவர் என்ன பார்ப்பார்? ஒருவர் படியேறுவதைப் பார்ப்பார். 94 படி. எண்ணித்தான் வைத்திருந்தேன், அதற்கு ஒரு குறியீட்டு அர்த்தம்கூட இருந்தது.

சரி, ‘விளம்பரமே பண்ணாமல் விட்டாயா’ என்று கேட்பீர்கள். செய்தேன். மாய்ந்து மாய்ந்து செய்தேன். சனிக்கிழமை தவறாமல் ஸ்கிரீன்ஷாட் சாட்டர்டே ஹேஷ்டேகில் படம் போட்டேன். அலைகளுக்கு ஷேடர் (திரையில் ஒளியையும் நிறத்தையும் தீட்டும் நிரல்) எழுதிய கதையை எட்டுப் பகுதியாகப் பிரித்து எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நாற்பது, ஐம்பது லைக் வரும். ‘அருமை’, ‘நுரையை எப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். மனசு நிறைந்துபோகும். வெளியீடு கவிழ்ந்த பிறகு, லைக் போட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அத்தனை பேரும் கேம் செய்கிறவர்கள். ஒவ்வொருவர் பக்கத்தின் உச்சியிலும் அவரவர் கேமை விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில், சேர்க்கச் சொல்லும் சுட்டி. கச்சேரிக்கு வந்த எல்லோர் மடியிலும் ஒரு வீணை. யாரும் கேட்க வரவில்லை, தன் முறை எப்போது வரும் என்று பார்க்க வந்தவர்கள். நானும் அப்படித்தான் அவர்கள் பக்கத்துக்குப் போய் லைக் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் யார்மேலும் கோபப்பட வழியில்லை.

அவர்களிடம் கற்றது நிறைய. அது வேறு கணக்கு. ஆனால் ஆடுகிற ஆள் ஒருவரிடம்கூட இரண்டரை வருஷத்தில் நான் பேசியிருக்கவில்லை. கேம் பக்கமே அதிகம் வராத நண்பன் ஒருவன் ஒருதரம் கேட்டான்: “எதைப் பத்தின கேம்டா அது?” நான் ஐந்து நிமிஷம் பேசினேன். தனிமை, கடல், நினைவு, குற்றவுணர்ச்சி எல்லாம் வந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அதுல நான் என்ன பண்ணணும்?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டி அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து, படம். கடையில் கேமுக்கு முகமாக இருப்பதைக் கேப்ஸ்யூல் என்பார்கள். பல அளவில் செய்து தர வேண்டும். அதில் சின்னது அப்போது 231க்கு 87 பிக்சல். தேடல் முடிவிலும் பட்டியல்களிலும் கேமின் விதியை எழுதுவது அந்தத் துண்டுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆளுயரத் திரையில் வைத்துப் பார்த்தால் அழுகை வருமளவுக்கு ஒரு ஓவியம் வரைந்தேன். கருநீலக் கடல், கருநீல வானம், தூரத்தில் மெல்லிய கோபுரம், அதைவிட மெல்லிய எழுத்தில் தலைப்பு. அதை அப்படியே 231 பிக்சலுக்குச் சுருக்கி ஏற்றினேன். கேம் வெளியாகிப் பல மாதம் கழித்து, வேறெதையோ தேடும்போது பட்டியலில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. படம் இன்னும் லோட் ஆகவில்லை என்று நினைத்து இரண்டு நொடி காத்திருந்தேன். என்னுடைய கேம்தான் அது.

பல நாள் கழித்து அதை நினைத்துச் சிரித்தேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கம் அணைந்த கலங்கரை.

ட்ரெய்லரும் அதே லட்சணம்தான். முதல் நான்கு நொடி என் ஸ்டுடியோவின் சின்னம். ஸ்டுடியோ என்றால் நான் மட்டும்தான். அடுத்து இருட்டு. அதிலிருந்து மெல்ல ஒரு வரி எழுத்து. பிறகு அலை. பதினெட்டாவது நொடியில்தான் ஒரு மனிதன் நகர்கிறான். பக்கத்துக்கு வந்தவர் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்.

குறிச்சொற்களைப் பற்றியும் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. ஸ்டீமில் ஒரு கேமுக்கு 20 குறிச்சொல்வரை வைக்கலாம். எந்தெந்த கேமுக்குப் பக்கத்தில் உங்களுடையதைக் காட்டுவது என்று கடை முடிவுசெய்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அது புரியாமல், கூட்டம் வரட்டும் என்று ‘திகில்’ என்றும் ஒன்று போட்டு வைத்தேன். ராத்திரி, தனிமை, கோபுரம், எல்லாம் பொருந்துகிறதே! பேய் எப்போது வரும் என்று 94 படியும் ஏறிக் காத்திருந்த யாரோதான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார் என்பது என் சந்தேகம்.

இரண்டாவது கேம் ஒரு ஜாமில் பிறந்தது. 48 மணி நேரத்துக்குள் ஒரு கேமை முடித்துப் போட வேண்டும், அவ்வளவுதான் விதி. நான் சும்மா கை பழகத்தான் போனேன். நாலு பேர் ஏறக்கூடிய ஒரு லிஃப்ட், நீங்கள் அதை ஓட்டுகிறவர். கடன் கொடுத்தவர், வாங்கியவர், விவாகரத்தான இருவர், நாயோடு வருகிறவர், நாய் என்றால் நடுங்குகிறவர் என்று ஆளாளுக்கு ஒரு மாடி போக வேண்டும். சேரக்கூடாத இருவரை ஒன்றாக விட்டால் உள்ளேயே சண்டை, லிஃப்ட் நின்றுவிடும். முடித்த கையோடு அதே நண்பனுக்கு ஃபோன் போட்டேன்.

“புலி, ஆடு, புல்லுக்கட்டு கணக்கு தெரியும்ல? அது லிஃப்ட்டுக்குள்ள.”

ஒரு நொடி பேச்சில்லை. “புலி யாரு?” என்றான்.

“வட்டிக்குக் குடுத்தவர்.”

“லிங்க் அனுப்புடா.”

ஐந்து நிமிஷப் பேச்சு வாங்கித்தராததை அந்த ஒரு வரி வாங்கித்தந்தது. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆற்றைக் கடக்கும் அந்தப் புதிர் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று 9ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகளிலேயே இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஊர் ஊராகத் தாத்தா பாட்டிகள் எனக்காக இலவசமாக விளம்பரம் செய்து வைத்திருக்கிறார்கள். நான் செய்ய வேண்டியிருந்தது மீதி அரை வரியைச் சேர்ப்பது மட்டும்.

ஜாமைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன். பாபா இஸ் யூ 2017ல் ஒரு ஜாமில் முளைத்த கேம். செலஸ்ட்டுக்கு முன்னோடி 2015ல் இரண்டு பேர் நாலு நாளில் செய்த குட்டி வடிவம். இரண்டுமே யார் கைக்கும் எட்டும் வடிவில் முதலில் வெளியே வந்து, எதற்கு மனிதர்கள் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகு வளர்ந்தவை. என் லிஃப்ட்டை, சின்ன கேம்களை யாரும் போடக்கூடிய இட்ச் தளத்தில், பிரவுசரிலேயே ஓடுகிற மாதிரி போட்டேன். இது சின்ன விஷயம் இல்லை. தரவிறக்கி, விரித்து, இயக்கிப் பார் என்றால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். அந்த வாரம் மற்றவர்களின் கேம் நாற்பதை ஆடி, ஒவ்வொன்றுக்கும் உண்மையாக நாலு வரி எழுதினேன். பதிலுக்கு அவர்களும் வந்தார்கள். அவர்களும் கேம் செய்கிறவர்கள்தான். ஆனால் இந்தமுறை நுரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ‘அந்த விவாகரத்தான ஜோடியை வேண்டுமென்றே மூன்று தடவை ஒன்றாக ஏற்றினேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதே போல இன்னும் பலர். ஆறு மணி நேரம் செலவழித்துச் செய்த இசையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. புதிரை முடிப்பதைவிடத் தப்பாக ஏற்றுவதில்தான் அவர்களுக்கு ருசி. பிறகு ஒன்றரை வருஷம் கேமை வளர்த்தபோது நான் எதைப் பெருக்க வேண்டும் என்று அந்தப் பின்னூட்டங்களே சொல்லிவிட்டன. சண்டைகளைப் பெருக்கினேன்.

ஸ்டீமில் ஒரு கேமின் ‘விரைவில்’ பக்கம், வெளியீட்டுக்கு முன்னால் குறைந்தது இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும் என்பது விதி. முதல்முறை நான் அந்த இரண்டு வாரத்தைத்தான் கொடுத்தேன். மறைத்து வைத்துக் கடைசியில் திரையை விலக்கினால்தான் பிரமிப்பு என்ற நினைப்பு. திரைக்கு இந்தப் பக்கம் ஆளே இல்லை என்பது விலக்கிய பிறகுதான் தெரிந்தது. விஷ்லிஸ்டில் சேர்த்தவருக்கு, கேம் வெளியாகும் நாளில் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி போடும்போதும் அனுப்பும். காசில்லாதவனுக்குக் கிடைக்கிற ஒரே தபால்காரர் அது. அவர் கையில் எத்தனை முகவரி இருக்கிறது என்பதுதான் கேள்வி. லிஃப்ட் கேமுக்குப் பக்கத்தை ஏழு மாதம் முன்னாலேயே திறந்தேன்.

கேப்ஸ்யூலை நான் வரையவில்லை. ஓவியம் வரையும் ஒருவருக்கு இணையதளம் தேவைப்பட்டது, எனக்குப் படம் தேவைப்பட்டது. பண்டமாற்று. அவர் முதலில் அனுப்பிய வரைவைத் திறந்து பார்க்காமலே 231 பிக்சலுக்குச் சுருக்கி, ஃபோனில் வைத்து, கையை நீட்டிப் பார்த்தேன். திறந்த லிஃப்ட் கதவு, உள்ளே பல்லைக் கடித்தபடி முகம் திருப்பி நிற்கும் இருவர், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நாய். மஞ்சள் பின்னணி. தலைப்பு தடித்த எழுத்தில். தூரத்திலிருந்தும் அந்த நாயின் சங்கடம் தெரிந்தது. படத்தின் மூலையில் ‘ஜாமில் பரிசு பெற்றது’ என்று போடலாமா என்று கேட்டார். விருதும் மதிப்பெண்ணும் கேப்ஸ்யூலில் எழுதக்கூடாது என்று 2022லேயே விதி வந்துவிட்டது என்றேன். எனக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

புதிய ட்ரெய்லரின் முதல் நொடியிலேயே கதவு திறக்கும், மூன்றாவது நொடியில் சண்டை. ஸ்டுடியோ சின்னம் கடைசியில், அதுவும் நாயின் கழுத்துப் பட்டையில்.

பிறகு டெமோ. ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று வருஷத்துக்கு மூன்று தடவை ஒரு டெமோ விழா நடக்கும். 2021லிருந்து இந்தப் பெயர். கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு கேம் ஒரே ஒரு தடவைதான் கலந்துகொள்ளலாம். அவசரப்பட்டு அரைகுறையாகப் போய் நின்றால் அந்தச் சீட்டு கிழிந்ததுதான். நான் வெளியீட்டுக்கு முந்தைய விழாவுக்காகக் காத்திருந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்பே டெமோவைச் சத்தமில்லாமல் வெளியிட்டு, ஆடுகிறவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்தேன். டெமோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்று ஸ்டீம் காட்டும், எந்தக் கட்டத்தில் விடுகிறார்கள் என்பதை நானே எழுதிய சின்ன நிரல் காட்டும். நாலாவது கட்டத்தில் கும்பலாகக் கழன்றுகொண்டிருந்தார்கள். அங்கேதான் அன்போடு, விளக்கமாக, ஐந்து பலகை நிறைய விதிமுறை எழுதி வைத்திருந்தேன். பலகைகளைப் பிடுங்கினேன். விதியைச் சொல்வதற்குப் பதில், ஏற்றிப் பார்த்துச் சண்டை வந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். அடுத்த வாரமே நாலாவதில் நின்றவர்கள் ஒன்பதாவதுவரை போனார்கள். அந்த ஏழு மாதத்தில் விஷ்லிஸ்டைக் கூட்டியதில் இந்த ஒரு பிற்பகல் வேலைக்கு ஈடாக நான் போட்ட எந்தப் பதிவும் இல்லை.

பதிவுகளை எங்கே போடுவது என்பதிலும் இந்தமுறை புத்தி வந்திருந்தது. கேம் செய்கிறவர்கள் கூடும் இடங்களை விட்டுவிட்டுப் புதிர்ப் பிரியர்கள் கூடும் இடங்களைத் தேடினேன். அங்கே போய் ‘என் கேமைப் பாருங்கள்’ என்றால் கதவைச் சாத்துவார்கள், அது நியாயமும்கூட. முதலில் ஒரு மாதம் மற்றவர்களின் புதிர்களை மட்டும் போட்டுப் பார்த்தேன், விடை சொன்னேன், தோற்றேன். பிறகு ஒருநாள் கேமிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்து, வெறும் காகிதப் படமாக வரைந்து, “இந்த ஏழு பேரையும் மூன்று நடையில் கொண்டுசேர்க்க முடியுமா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். ராத்திரிக்குள் விடை வந்தது. அடுத்த நாள் இரண்டே நடையில் முடியும் என்று ஒருவர் நிரூபித்துவிட்டார்! கேமில் இருந்த அந்த ஓட்டை எனக்கே தெரியாது. அடைக்கப் போனேன். அதற்குள் இன்னொருவர், “இதை எங்கே ஆடலாம்?” என்று கேட்டார். நான் சொல்லவே காத்திருந்த பதிலை யாரோ கேட்டுச் சொல்லும் சுகமே தனி.

பகிர்வதைப் பற்றி யோசித்தபோது வேர்டில் என்ற சொல் ஊகிக்கும் ஆட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 2021 நவம்பர் 1 அன்று அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதம் கழித்து, ஜனவரி தொடக்கத்தில், 3 லட்சத்துக்கு மேல். விளம்பரத்துக்கு ஒரு பைசா இல்லை. ஆட்டத்தை முடித்ததும் பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்களாக முடிவை ஒட்டலாம். விடை வெளியே தெரியாது, தவித்த தவிப்பு மட்டும் தெரியும். பார்க்கிறவருக்கு ஒரு மர்மம், ஒட்டியவருக்கு ஒரு பீற்றல். அதைக் காப்பியடிக்க எனக்குக் கூச்சமே இல்லை. லிஃப்ட்டுக்குள் சண்டை வந்தவுடன் ஒரு பொத்தான் தோன்றும். அழுத்தினால் கடைசி நாலு நொடி ஜிஃப்பாகச் சேமிக்கும். ஜெயித்ததைவிடத் தோற்றதைத்தான் அனுப்பினார்கள். கேமின் பெயரை மூலையில் சின்னதாக வைத்திருந்தேன். முதல் வடிவத்தில் வைக்க மறந்து, யாருடைய கேம் என்றே தெரியாமல் ஒரு வாரம் என் நாய் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரீமர்களுக்கும் யூடியூபர்களுக்கும் கடிதம் எழுதியதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வேம்பயர் சர்வைவர்ஸ் 2021 டிசம்பரில் ஸ்டீமுக்கு வந்து, அடுத்த சில வாரங்களில் யூடியூபர்கள் கண்ணில் பட்டுத்தான் பற்றிக்கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் படித்துவிட்டு, உலகிலேயே பெரிய பத்துப் பேருக்கு எழுதுவதுதான் வழி என்று முதல் கேமில் நம்பினேன். ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லை, வந்திருக்கவும் நியாயமில்லை. இந்தமுறை, புதிர் கேம்களை ஆடும், பார்வையாளர் நூற்றுக்குள் இருக்கும் ஆட்களாகப் பொறுக்கினேன். ஒவ்வொருவர் வீடியோவிலும் ஒன்றையாவது முழுசாகப் பார்த்தேன். பார்த்தேன் என்று காட்டிக்கொள்ள இல்லை. பார்த்தால்தான் யாருக்கு எழுதக்கூடாது என்று தெரியும். சண்டை என்றாலே முகம் சுளிக்கிற ஒருவருக்கு நான் எதற்கு எழுத வேண்டும்? கடிதம் ஐந்து வரி. முதல் வரியிலேயே புலி, ஆடு. இரண்டாவதில் ஜிஃப். மூன்றாவதில் கீ, கேமைக் காசில்லாமல் திறக்கும் குறியீடு. கேட்டால் தருகிறேன் என்றால், கேட்க மாட்டார்கள். 60 பேருக்கு எழுதியதில் 7 பேர் ஆடினார்கள். ஒருவர் மட்டும், நாய்க்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று கேட்டுக் கோபமாகப் பதில் போட்டார். வைத்தேன்.

வெளியீட்டு வாரத்தில் தலைகீழாக எனக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ‘உங்கள் கேம் அற்புதம், என் சேனலில் ஆட ஆசை, எனக்கும் என் குழுவுக்கும் 4 கீ அனுப்ப முடியுமா?’ முதல் கேமின்போது பூரித்துப்போய் அத்தனை பேருக்கும் அனுப்பியவன் நான். யாரும் ஆடவில்லை. கீ விற்கும் சந்தைகளில் என் கேம் பாதி விலைக்குக் கிடைத்தது. பெயர் பெற்ற யாரோ ஒருவரின் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வருவார்கள். சேனலின் அறிமுகப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு, ‘நீங்கள்தானா?’ என்று திருப்பி எழுதிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது பேர் அங்கேயே காணாமல் போனார்கள். கியூரேட்டர், அதாவது ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைப்பவர், என்று சொல்லிக் கேட்பவர்களுக்கு, கீயே இல்லாமல் ஸ்டீமுக்குள்ளேயே பிரதி அனுப்பும் வசதி இருக்கிறது, அதில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் ஒரே மௌனம்.

பட்ஜெட் இல்லாமல் செய்தேன் என்று சொல்கிறேனே, அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்த ஏழு மாதமும் வாரத்துக்கு ஒரு முழு நாள் இதற்கே போனது. கடிதம், ஜிஃப், டெமோ, பக்கத்தில் இரண்டு வரியை மாற்றிவிட்டு மூன்று நாள் காத்திருந்து எண்ணிக்கை பார்ப்பது. அந்த நாட்களில் செய்திருக்க வேண்டிய ஒரு மாடி முழுக்க, பதினான்கு கட்டங்கள், கேமில் இல்லை. லிஃப்ட் பொத்தான்களில் 6க்கு அடுத்து 8 வரும். அது ஏதோ மர்மம் என்று ஆடுகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

வெளியான அன்றைக்குக் கோடு தரையில் படுத்திருக்கவில்லை. வானத்துக்கும் போகவில்லை, முழங்கால் உயரத்துக்கு எழுந்து நடந்தது. 100 டாலர் இந்தமுறை திரும்பி வந்தது. வேலையை விடுமளவுக்கு இல்லை, அடுத்த கேமைத் தொடங்கலாம் என்று நினைக்குமளவுக்கு உண்டு.

பிறகு விமர்சனம். ஸ்டீமில் 10 விமர்சனம் சேரும்வரை கேமுக்கு மதிப்பீடே காட்டாது. கீ கொடுத்து ஆடியவர்கள் எழுதுவது கணக்கில் சேராது, கடையிலேயே காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுதினால்தான். விமர்சனத்துக்குக் கைம்மாறாக எதையும் தரவும் கூடாது. ஆக, நண்பர்களைத் திரட்டிப் பயனில்லை, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் வாரத்தில் 9 வந்தது, ஒன்பதும் கட்டைவிரலை உயர்த்தியவை. பிறகு நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். ஐந்தாம் நாள் பத்தாவது விமர்சனம் வந்தது. கட்டைவிரல் கீழே.

“புதிர் கேம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். இது ஒரு குடும்பச் சண்டை, கதவை மூடிக்கொண்டு நடக்கிறது. நாலு மணி நேரம் ஆடியும் ஒரு பிரச்சினைகூடத் தீரவில்லை.”

பத்துக்கு ஒன்பது. சில நிமிஷத்தில் பக்கத்தின் மேலே, நீல நிறத்தில், ‘நேர்மறை’ என்று வந்தது. அவர் எழுதாமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது. நான் அந்த விமர்சனத்தை நாலைந்து தடவை படித்தேன். பிறகு கடைப் பக்கத்தைத் திறந்து, ஒன்றரை வருஷமாக இழைத்து இழைத்து வைத்திருந்த அறிமுக வரிகளை அழித்தேன். அங்கே இப்போது இருப்பது இதுதான்: ‘ஒரு குடும்பச் சண்டை. கதவை மூடிக்கொண்டு. நாயும் உள்ளே.’

நாயை மட்டும் நான் சேர்த்தேன்.